ஆச்சியின் பையில் இருந்த போத்தல்



தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியாரிடம் போகும் யாத்திரிகர் கூட்டத்தைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்டிருப்பீர்கள் என்ன, உங்களிற் பலர் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். இருள் விலகுமுன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்கள் வந்து சேரும். பாயும் படுக்கை விரிப்பும், பிட்டுப் பொட்டலமும், மெழுகுதிரிக் கட்டும், தண்ணீர்க் கலனும் சுமந்தபடி சனங்கள் இறங்குவார்கள். படகில் ஏறுமுன் கடற்படையினர் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். அந்த இடத்தில் வரிசை நத்தை வேகத்தில் நகரும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆச்சி நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். கையில் செபமாலை. கூடவே பேரன், அவனுடைய கூட்டாளிகள் இருவர். பேரனுக்கு இருபது வயதிருக்கலாம். அவர்களுடைய பைகள் முதலில் பார்க்கப்பட்டன. ஒன்றும் இல்லை. பின் ஆச்சியின் பை. மேலே விரிப்பு, அதன் கீழ் மெழுகுதிரி, அதன் கீழ் சோறு கட்டிய வாழையிலைப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் அடியில் சேலையில் சுற்றிய ஒரு பெரிய சோடாப் போத்தல்.

சோதித்தவள் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. தமிழ் கொஞ்சம் தெரிந்தவள். "அம்மா, இது என்ன?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சோடா பிள்ளை. பேரன் வாங்கி வைச்சவன்."

அவள் மூடியைத் திறந்தாள். மணம் எனக்கே வந்தது. சாராயம். வரிசையில் நின்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆச்சிக்கும் விளங்கிவிட்டது. அவர் திரும்பிப் பேரனைப் பார்த்தார். பேரன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு ஆச்சி அந்தப் பிள்ளையிடம் சொன்னார்: "அது என்ர தான் பிள்ளை. கால் நோவுக்குப் பூச எடுத்தனான்."

போத்தலைக் கவிழ்த்து ஊற்றினார்கள். பையை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். வேறொரு நடவடிக்கையும் எடுக்கவில்லை. பின்னால் யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். ஆச்சி செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார்.

இந்தச் சம்பவம் என் மனதை விட்டு அகலவில்லை. ஆகவேதான் இந்த வாரம் இதைப்பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். மதுபானம் என்றாலே பாவம் என்று நம் திருச்சபை போதிக்கவில்லை. கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவர் கற்சாடிகளில் இருந்த தண்ணீரை என்னவாக மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் பீடத்திலே நாம் கையிலேந்துவது திராட்சை இரசம். பனையேறி உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! அவர்கள் இறக்கிய கள்ளின் காசில் கட்டிய கோயிற் சுவர்களும் உண்டு. இதைச் சொல்வதற்காகச் சில வாசகர்கள் எனக்குக் கோபக் கடிதம் எழுதுவார்கள் என்பதும் தெரியும். குடியினால் சீரழிந்த வீடுகளை நானும் தினமும் காண்கிறேன். அதைப்பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. இன்று நான் பேச வந்தது குடியைப்பற்றி அல்ல, ஒளிப்பைப்பற்றி.

கச்சதீவுக்கு மதுபானம் கொண்டுபோகக்கூடாது என்பது வெறும் உத்தியோகக் கெடுபிடி என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அந்தத் தீவை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 285 ஏக்கர். குடிமக்கள் இல்லை. நல்ல தண்ணீர் இல்லை. யாத்திரிகர் குடிக்கும் ஒவ்வொரு துளியும் படகில் வரவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து மீனவர் ஒருவர் அங்கே அந்தோனியாருக்குக் கோயில் எழுப்பினார். நம் யாழ் மறைமாவட்டத்தின் நெடுந்தீவுப் பங்கைச் சேர்ந்தது அது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்திய யாத்திரிகர்கள் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமலே அங்கு வந்துபோகலாம். போர்க்காலத்தில் தடைப்பட்டுக் கிடந்த திருநாள் மீண்டும் நடக்கிறது. 2016 டிசெம்பரில் புதிய ஆலயம் ஆசீர்வதிக்கப்பட்டது. ஒரே ஓர் இரவு, ஆயிரக்கணக்கான சனம். இராமேஸ்வரத்தார், யாழ்ப்பாணத்தார், நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வரும் சிங்களச் சகோதரர்கள், எல்லாரும் மணலிலும் பற்றையோரத்திலும் பாய் விரித்துப் படுக்கிறார்கள். குமர்ப்பிள்ளைகள், கைக்குழந்தைகள், நோயாளிகள். நாற்புறமும் கடல். வெளிச்சம் குறைவு. அப்படியான இடத்தில் வெறி கொண்ட ஒருவன் என்ன செய்வான், அவனுக்கே என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மறுநாள் அவனே படகின் விளிம்பில் அமர்ந்து திரும்பவும் வரவேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2290ஆம் எண்ணை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். குடிவெறியினாலும் வேக மோகத்தினாலும் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்பது அதன் கருத்து. வீதி, கடல், ஆகாயம் என்று மூன்றையும் அங்கே பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். கடலை மறக்காமல் சேர்த்தவர்களுக்குத் தீவகத்துக் குருவானவன் என்ற முறையில் நான் நன்றி சொல்கிறேன்.

இனி ஒளிப்புக்கு வருவோம்.

பயணப் பையில் ஒளித்து வைக்கும் வழக்கம் நேற்று இன்று தோன்றியதல்ல. தொடக்க நூலின் 31ஆம் அதிகாரத்தில் யாக்கோபு மனைவி மக்களோடும் மந்தைகளோடும் மாமன் லாபானை விட்டுப் புறப்படுகிறார். இராக்கேல் தகப்பன் வீட்டுச் சிலைகளைத் திருடிக்கொண்டு வருகிறாள். யாக்கோபுக்கு அது தெரியாது. லாபான் துரத்தி வந்து கூடாரம் கூடாரமாகத் தேடுகிறான். அவள் சிலைகளை ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, தனக்கு மாதவிலக்கு, எழும்ப இயலாது என்கிறாள். லாபான் வெறுங்கையோடு போகிறான். கெட்டிக்காரி என்று நமக்குச் சிரிப்பும் வருகிறது. ஆனால் அதே அதிகாரத்தில் சற்று முன்னால் யாக்கோபு சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள்: அந்தச் சிலைகள் யாரிடம் அகப்படுகின்றனவோ அவர் உயிரோடு இருக்கக்கூடாது என்று ஆணையிட்டுவிட்டார். தாம் அதிகம் நேசித்த மனைவியின்மேல் தாமே இட்ட சாபம் அது என்று பாவம், அவருக்குத் தெரியாது. ஒளிப்பவர் தம் வீட்டாரையும் இருட்டில் விட்டுவிடுகிறார். வீட்டார் நம்பிக்கையோடு வாய் திறக்கிறார்கள். அந்த வாயே அவர்களுக்குக் கண்ணியாகிறது. "சோடா பிள்ளை, பேரன் வாங்கி வைச்சவன்" என்று ஆச்சி சொன்னாரே, அதுவும் அப்படித்தான்.

இராக்கேலின் மகன் பென்யமினுக்கு என்ன நடந்தது? எகிப்தில் யோசேப்பின் வெள்ளிக் கிண்ணத்தை அவனுடைய சாக்குக்குள் அவன் அறியாமலே வைத்துவிட்டார்கள். மூத்தவன் சாக்கிலிருந்து இளையவன் சாக்குவரை அவிழ்த்துப் பார்த்து, கடைசியில் குற்றமறியாத பிள்ளையின் சாக்கிலிருந்து கிண்ணம் வெளியே வந்தது. தாய் ஒளித்தாள், அகப்படவில்லை. மகன் ஒளிக்கவில்லை, அகப்பட்டான். வேதாகமத்தை எழுதியவர்கள் இதை நம் கண்முன் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள். அப்போது அண்ணன் யூதா முன்னால் வருகிறான். தம்பியை விடுங்கள், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். முன்பு யோசேப்பை விற்கச் சொன்ன அதே யூதா. குறிகட்டுவான் இறங்குதுறையில் நான் எதிர்பார்த்து நின்றது அந்த ஒரு சொல்லைத்தான்: "அது என்ர." அந்தச் சொல் வந்தது, வரவேண்டிய வாயிலிருந்து வரவில்லை.

ஏன் அந்தப் பையன்கள் போத்தலை ஆச்சியின் பையில் வைத்தார்கள்? கிழவியின் பையை யாரும் கிண்டிப் பார்க்கமாட்டார்கள் என்ற கணக்கு. அவருடைய நரைமுடியையும் செபமாலையையும் தங்கள் போத்தலுக்கு மூடியாக்கினார்கள். சாராயத்தின் விலையை விட இது பெரிய களவு என்று நான் எண்ணுகிறேன்.

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த நாட்களில் ஒரு பழைய தர்க்கத்தைக் கற்றோம். சில சட்டங்கள் வெறும் தண்டனைச் சட்டங்கள். அவற்றை மீறினால் அகப்படும்போது தண்டனையை ஏற்றுக்கொள்ளக் கடமையுண்டே தவிர, மீறுவதே பாவமாகாது என்று முற்காலத்தில் சில இறையியலாளர் வாதித்தனர். அவர்கள் வழக்கமாகக் காட்டிய உதாரணம் எது தெரியுமா? சுங்கச் சட்டம்! கடத்தற்காரருக்கு இதைவிட இனிய இறையியல் கிடைக்காது. இன்று அந்தக் கருத்தை ஏற்பவர் அரிது. ஆனாலும் ஒரு பேச்சுக்கு அதை ஏற்றுக்கொண்டு பார்த்தாலும், அந்த ஆசிரியர்கள் பொய் சொல்வதற்கோ, பிறர் தலையில் பழியைப் போடுவதற்கோ அனுமதி தரவில்லை. அகப்பட்டால் தண்டனையை ஏற்றுக்கொள் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அந்தப் பேரன் அதையுமல்லவா ஆச்சியிடம் விட்டுவிட்டான்?

இடத்துக்கு இடம் சட்டம் வேறுபடும் என்பது உண்மைதான். 1948 ஒக்ரோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. இலங்கையில் அப்படி இல்லை. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை ஓடிய கப்பலில், தலைமன்னாரில் குற்றமற்றதாய் இருந்த போத்தல் மறுகரையில் குற்றமாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அங்கே கள்ளச் சாராயக்காரருக்கு வழங்கிய பெயரே சப்பாத்தின் கால்ப்பகுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நீண்ட சப்பாத்துக்குள் போத்தலைச் செருகிச் செல்வார்களாம். அந்தச் சட்டத்தில் பூசைக்கான திராட்சை இரசத்துக்கு விலக்கு அளித்திருந்தார்கள். அதையும் சிலர் விட்டுவைக்கவில்லை. பூசை இரசத்தின் பெயரால் வாங்கப்பட்ட அளவு அந்த ஆண்டுகளில் ஏறியது. பீடத்தையே பையாக்கிய கதை அது. நாம் வெட்கப்படவேண்டிய கதை.

இப்போது நம் குடும்பங்களுக்கு இன்னொரு கப்பலும் பழக்கமாகி வருகிறது. 2023 ஜூன் 16 அன்று சென்னையிலிருந்து வந்த கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்தபோது கரைக்குப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. அதே ஆண்டு ஒக்ரோபர் 14 அன்று நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவையும் ஆரம்பமாயிற்று. வெளிநாட்டில் வாழும் நம்மவர்களோ விடுமுறையில் கரிபியன் கடலெல்லாம் சுற்றிவிட்டார்கள்.

கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தாரோடு ஒரு மதியம் சாப்பிட அமர்ந்தேன். கப்பற் பிரயாணத்தைப்பற்றி உற்சாகமாகச் சொன்னார்கள். பெரிய கப்பல் நிறுவனங்களில் வயதுவந்த ஒருவர் ஏறும் நாளில் கைப்பையில் ஒரு போத்தல் திராட்சை இரசம் மட்டும் கொண்டுபோகலாம். சாராய வகைகள் கூடாது. ஏனென்றால் கப்பலிலேயே விற்கிறார்கள், அதில் வரும் இலாபம் பெரிது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கும் வழி இருக்கு சுவாமி. வாய் கொப்பளிக்கிற மருந்துப் போத்தலைக் கழுவிப்போட்டு வொட்காவை ஊத்தி, பச்சைக் கலரிலை ரெண்டு துளி விட்டால் ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம்." அவருடைய பன்னிரண்டு வயது மகன் இடையில் பாய்ந்து விழுந்தான்: "நான்தான் புனலைப் பிடிச்சனான் ஃபாதர்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கப்பற்காரன் கொள்ளை விலை வைக்கிறான் என்று வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த நிபந்தனையைப் படித்து ஒப்புக்கொண்டுதான் பயணச்சீட்டு வாங்கியிருக்கிறார். விலை பிடிக்காவிட்டால் குடிக்காமல் ஒரு கிழமை இருக்கலாம், அல்லது வேறு விடுமுறையைத் தேடலாம். இவற்றை விட எனக்கு உறுத்தியது அந்தப் புனல். நற்கருணை வாங்கிய பிள்ளை. அப்பா ஊற்றுகிறார், அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார், தான் புனல் பிடிக்கிறான். குடும்பமாகச் சேர்ந்து செய்த ஒரு வேலை என்று அவன் நினைவில் நிற்கும். இன்னும் ஐந்து வருடத்தில் அவன் தன் பையில் எதையோ ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பா எந்த முகத்தோடு கேட்பார்?

யாருக்கும் நட்டமில்லை என்பார்கள். கார்னிவல் நிறுவனம் 2015 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போத்தலில் அடைத்த தண்ணீரையோ சோடாவையோ பிரயாணிகள் இனிக் கப்பலில் ஏற்றக்கூடாது. காரணம், தண்ணீர்ப் போத்தலில் சாராயத்தை நிரப்பிக் கொண்டுவருவோர் பெருகியமை. அதுவரை தண்ணீர்ப் போத்தலோடு நேர்மையாக ஏறிவந்த குடும்பங்களும் சேர்த்துத் தண்டனை பெற்றன. குறிகட்டுவானிலும் வேறென்ன? ஆச்சியின் பைக்குப் பிறகு வரிசையில் நின்ற ஒவ்வொரு கிழவியின் சோற்றுப் பொட்டலமும் அவிழ்க்கப்பட்டது. படகுகள் தாமதமாயின. நோன்பிருந்த பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை மறைத்துக்கொண்டால் நானும் ஒளிப்பவன்தான். குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு திருநாளுக்குத் தீவுக்குப் போகையில் அறிமுகமான ஒருவர் பழைய பத்திரிகையில் இறுகச் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து, "எங்கட அண்ணருக்கு மருந்து சுவாமி, உங்கட பையிலை வைச்சால் பத்திரம்" என்றார். வாங்கி வைத்தேன். அங்கியைக் கண்டதும் என் பையைத் திறக்கச் சொல்லவில்லை. அங்கே இறங்கிய பிறகு அண்ணர் வந்து கேட்டார். எடுத்துக் கொடுக்கையில் உள்ளே திரவம் குலுங்கும் சத்தம் கேட்டது. மருந்தும் திரவந்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிரவு தீவின் ஒரு மூலையில் சத்தமும் சண்டையும். திறந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் ஏதாவது செய்யவேண்டி வரும், சனங்களுக்கு முன் வெட்கக்கேடு என்ற பயம். அந்த மனிதர் செய்த கணக்கு அந்தப் பையன்கள் செய்த கணக்குத்தான்: அவர்களுக்குச் செபமாலை, இவருக்கு அங்கி. ஆச்சிக்குப் போத்தல் இருந்தது தெரியாது. எனக்கோ பாதி தெரியும். ஆகையால் அவரை விட நானே குற்றவாளி.

அன்றிலிருந்து இறங்குதுறையில் என் பையை நானே முன்கூட்டித் திறந்து மேசையில் வைக்கிறேன். "வேண்டாம் ஃபாதர்" என்பார்கள். பாருங்கள் என்பேன். யாராவது பொதி தந்தால் அவர் முன்னிலையிலேயே அவிழ்ப்பேன். இதனால் சிலர் என்னிடம் இப்போது பொதி தருவதில்லை. நல்லது.

அந்தோனியாரும் கடற்பிரயாணி என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம். மொறொக்கோவுக்கு வேதம் போதிக்கப் போய், அங்கே நோயில் விழுந்து, 1221ஆம் ஆண்டளவில் ஊர் திரும்பக் கப்பலேறினார். புயல் அவரைச் சிசிலித் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் பிரான்சிஸ்குவின் பிள்ளை. பயணத்துக்குப் பையே எடுக்கவேண்டாம் என்று ஆண்டவர் சீடருக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர்களின் கூட்டம் அது. அவரைச் சோதிக்க வந்தவர் எதை அவிழ்த்துப் பார்த்திருப்பார்? காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருவார் என்று அவரை நம்பிப் போகிறோம். நாம் ஒளித்த பொருளையும் அவர் கண்டுபிடிப்பார் என்ற பயம் மட்டும் ஏனோ நமக்கு இல்லை.

அந்த ஆச்சியின் கதையை முடிக்கவேண்டும். அன்று பிற்பகல் கொடியேறியது. சிலுவைப்பாதை நடந்தது. ஐந்தாம் நிலையில், வேறொருவருடைய சுமையைச் சீரேனூர்ச் சீமோனின் தோளில் கட்டாயப்படுத்தி ஏற்றிய இடத்தில், நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆச்சி முழந்தாளில் இருந்தார். பையன்களைக் காணவில்லை. இரவு திருச்சுரூபப் பவனி முடிந்தபின் பாவசங்கீர்த்தனத்துக்கு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

மறுநாள் திருநாள் பூசைக்குப் பின் திரும்பும் படகில் ஆச்சி எனக்குப் பக்கத்தில் இருந்தார். பேரன் அணியத்தில் கூட்டாளிகளோடு. ஆச்சியின் பை அவனுடைய மடியில் இருந்தது. நெடுநேரம் ஒன்றும் பேசாமல் வந்தவர் நெடுந்தீவைத் தாண்டுகையில் என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"சுவாமி, நேற்று ஊத்தினது எவ்வளவு காசு வரும்?"

எனக்குத் தெரியாது ஆச்சி, என்றேன்.

"மேசன் வேலைக்குப் போய் உழைச்ச காசு. வீட்டை போய் நான் குடுத்துவிடுவன், அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

கொடுக்காதேங்கோ ஆச்சி, என்று சொன்னேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கடற்காற்றுக்குச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு செபமாலையின் அடுத்த மணிக்குப் போய்விட்டார்.